அடிக்கும் கணவரையும் அக்காவையும் சேர்த்து கவுன்சலிங் கூட்டிப்போகலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்காவை அவர் கணவர் அடிக்கிறார். இரண்டு முறை வீட்டைவிட்டு வந்த அக்கா, இரண்டு முறையும் திரும்பிப் போய்விட்டார். "மாமா சின்ன வயசில் அவர் அப்பாவிடம் ரொம்ப அடிவாங்கி வளர்ந்தவர், கோபம் வந்தால் தன்னை மறந்துவிடுவார், மற்றபடி நல்லவர்" என்று அக்காவே சொல்கிறார். இப்போது அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது, சின்னச் சத்தத்துக்கும் பதறுகிறார், பேச்சில் கோர்வை இல்லை. ஏழு வயதில் ஒரு பையன் இருக்கிறான். இருவரையும் ஒரு நல்ல ஆலோசகரிடம் சேர்த்துக் கூட்டிப்போனால் சரியாகுமா, அக்கா ஏன் திரும்பத் திரும்பப் போகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்குச் சேர்த்துக் கூட்டிப்போகாதீர்கள். நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் தம்பதி ஆலோசனை நடக்க வேண்டுமென்றால் இரண்டு பேரும் மனதில் இருப்பதைப் பயமில்லாமல் சொல்ல முடிய வேண்டும். அடி வாங்குபவரால் அது முடியாது. உண்மையைச் சொன்னால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லாமல் விட்டால், ஆலோசகர் பொய்யான ஒரு படத்தை வைத்துக்கொண்டு வேலை செய்வார். அதோடு, "உங்கள் இருவருக்கும் நடுவில் என்ன பிரச்சினை" என்று கேட்கும்போதே அடித்தவரின் பொறுப்பில் பாதி அடிவாங்கியவர் தலைக்கு வந்துவிடுகிறது. அக்கா ஏற்கெனவே தன்மேல்தான் பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த அறையில் அது இன்னும் உறுதியாகும்.

எல்லா வீட்டுச் சண்டையும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சமூகவியலாளர் மைக்கேல் ஜான்சன் 1995-ல் இதைப் பிரித்துக் காட்டினார். வாக்குவாதம் முற்றி, எப்போதாவது ஒருவர் மற்றவரைத் தள்ளிவிடுவதோ அறைவதோ ஒரு வகை. அதுவும் தவறுதான், அதிலும் காயம் படலாம். ஆனால் அங்கே ஒருவர் மற்றவரை ஆண்டுகொண்டிருக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்காது. இன்னொரு வகையில் அடி என்பது ஒரு பெரிய ஏற்பாட்டின் பகுதி: யாரோடு பேசலாம், எவ்வளவு செலவு செய்யலாம், எத்தனை மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று ஒருவர் மற்றவர் வாழ்க்கையை நடத்துகிறார், அதற்குக் காவலாக அடி இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்பேன், அதுவும் தனியாக இருக்கும்போது: "அவர் சொல்வதற்கு மாறாக நீங்கள் ஒன்று சொன்னால் என்ன ஆகும்?" முதல் வகையில் இருப்பவர் "சண்டை போடுவோம்" என்பார். இரண்டாம் வகையில் இருப்பவர் பதில் சொல்வதற்கு முன்னால் கதவைப் பார்ப்பார். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் அக்கா இரண்டாம் வகையில் இருக்கிறார் என்றே நினைக்கிறேன். தப்பாக நினைத்தாலும் பாதகமில்லை. இரண்டாம் வகையை முதலாவது என்று நினைத்துக்கொண்டு நடப்பதில்தான் ஆபத்து.

அடுத்தது அந்தக் கோபம். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் "கோபம் வந்தால் தன்னை மறந்துவிடுவார்" என்ற ஒரு வாக்கியம்தான் பல குடும்பங்களை வருஷக்கணக்கில் காத்திருக்க வைக்கிறது.

அக்காவிடம் சில விஷயங்களை நினைவுபடுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மாமாவுக்கு அலுவலகத்தில் மேலதிகாரி மேல் கோபம் வந்திருக்கும்தானே, அவரை அடித்திருக்கிறாரா? வீட்டில் கத்திக்கொண்டிருக்கும்போது யாராவது போன் செய்தால் என்ன குரலில் பேசுவார்? எத்தனையோ பெண்கள் இதை ஒரே மாதிரி விவரித்துக் கேட்டிருக்கிறேன். போன் அடிக்கும், "சொல்லுங்க சார்" என்று தணிந்த குரலில் பேசி முடிப்பார், போனை வைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். சாமான்களைப் போட்டு உடைக்கிறார் என்றால், உடைந்தவை யாருடையவை? அவருடைய லேப்டாப்பும் போனும் ஒருநாளும் உடைவதில்லை, அக்காவுடையதும் பையனுடையதும் மட்டும் உடைகின்றன என்றால், அங்கே தன்னை மறந்த நிலை இல்லை. யாரிடம், எங்கே, எந்த அளவுக்கு என்று ஒரு தேர்வு நடக்கிறது. முகத்தில் அடிக்காமல் உடுப்பு மறைக்கும் இடத்தில் அடிப்பதும் அந்தத் தேர்வுதான்.

இதனால்தான் கோபத்தைக் கட்டுப்படுத்தும் வகுப்புக்கு மட்டும் அனுப்பினால் பெரிதாக மாற்றம் வருவதில்லை. கோபத்தை "வெளியேற்றிவிட்டால்" தணியும் என்ற நம்பிக்கையும் தவறு. பிராட் புஷ்மன் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், தங்களை எரிச்சலூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடும் மூர்க்கத்தோடும் இருந்தார்கள். குடியும் இப்படித்தான். குடி அடியைக் கடுமையாக்கும், ஆபத்தைக் கூட்டும், அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும். ஆனால் குடியை நிறுத்தியும் அடிப்பதை நிறுத்தாதவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

சரி, சின்ன வயதில் அவர் பட்ட அடி? அது பொய்யில்லை, சிறிய விஷயமும் இல்லை. அடித்தால் காரியம் நடக்கும், அடிப்பவருக்குத்தான் வீட்டில் மரியாதை என்று ஒரு பிள்ளை கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதையே அப்படியே செய்ததை ஆல்பர்ட் பண்டூரா 1961-லேயே காட்டினார். ஆனால் அடிபட்ட பிள்ளை அடிப்பவனாகத்தான் ஆவான் என்பது உண்மையில்லை. கேத்தி விடம் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாகப் பதிவான 908 பிள்ளைகளை, அப்படி ஆளாகாத 667 பேரோடு ஒப்பிட்டார். சிறார் வயதில் குற்றத்துக்காகப் பிடிபட்டவர்கள் முதல் கூட்டத்தில் 26 சதவீதம், இரண்டாவதில் 17 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் முதல் கூட்டத்திலும் நாலில் மூன்று பேர் அந்த வழியில் போகவில்லை. மாமாவின் குழந்தைப் பருவத்துக்காக நாம் வருத்தப்படலாம், வருத்தப்படவும் வேண்டும். அதற்கான சிகிச்சையை அவர் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவருடைய காயம் ஆறும்வரை அக்கா உடம்பைக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது.

இவான் ஸ்டார்க் என்ற அமெரிக்க அறிஞர் 2007-ல் இன்னொன்றை அழுத்தமாகச் சொன்னார்: அடிகளை எண்ணிக்கொண்டிருந்தால் விஷயத்தைத் தவறவிடுவோம், பறிபோகும் சுதந்திரத்தைப் பாருங்கள் என்றார். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமாக 2015-ல் இயற்றப்பட்ட சட்டம், அடியே விழாவிட்டாலும் துணையை இப்படிக் கட்டுப்படுத்துவதைக் குற்றமாக்கியது. அது எப்படி இருக்கும் என்று ஒரு காட்சி சொல்கிறேன். என் எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண் போனை மடியில், திரை மேலே தெரியும்படி வைத்திருப்பார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே திரை ஒளிரும், ஒரு நிமிஷத்துக்குள் பதில் அனுப்புவார், நான் இருக்கும் அறையின் சுவரை ஒரு படம் எடுத்து அனுப்புவார், அப்புறம் "சொல்லுங்க" என்பார். "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டால், "இல்லை, அவருக்கு என்மேல் ரொம்ப அக்கறை, அவர் என்னை அடித்ததே இல்லை" என்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். அடிக்க வேண்டிய தேவையே அங்கே ஏற்பட்டிருக்காது.

இனி நீங்கள் மிகவும் வருத்தத்தோடு கேட்ட கேள்வி: ஏன் திரும்பிப் போகிறார்?

கோழைத்தனம், அறிவில்லை, அடி வாங்கிப் பழகிவிட்டது என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வார்கள். ஒரு காலத்தில் உளவியலும் இதற்குப் பக்கத்தில்தான் நின்றது. அடிபட்ட பெண்கள் பலரை நேர்காணல் செய்து லெனோர் வாக்கர் 1979-ல் எழுதியதில் இரண்டு கருத்துகள் பரவின. ஒன்று, வன்முறை ஒரு சுழற்சியாக வருகிறது: இறுக்கம் கூடும், வெடிக்கும், பிறகு மன்னிப்பும் கொஞ்சலும் வரும். இது பலருடைய அனுபவத்தோடு ஒத்துப்போகிறது, ஆனால் எல்லா வீட்டிலும் அந்த மூன்றாவது கட்டம் இருப்பதில்லை, சிலருக்குக் கொஞ்சல் கிடைத்ததே இல்லை. இன்னொன்று, எதைச் செய்தாலும் பலனில்லை என்று கற்றுக்கொண்டு அந்தப் பெண் முயற்சியையே விட்டுவிடுகிறார் என்பது. தப்பிக்க முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பிறகு தப்பிக்க வழியிருந்தும் அப்படியே கிடந்ததை மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967-ல் காட்டியிருந்தார்கள். அதிலிருந்து எடுத்த கருத்து இது.

இந்த இரண்டாவது கருத்தை நான் ஏற்பதில்லை. அதே செலிக்மனும் மேயரும் 2016-ல் தங்கள் விளக்கத்தையே திருத்திக்கொண்டார்கள். நீண்ட துன்பத்தில் முடங்கிப்போவது மூளையின் இயல்பான எதிர்வினை, அதை யாரும் கற்றுக்கொள்வதில்லை, நம் கையில் கொஞ்சமாவது பிடி இருக்கிறது என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்கிறது என்பது திருத்திய விளக்கம். உங்கள் அக்காவுக்கு இது முக்கியம்: அவருக்குள் எதுவும் உடைந்துபோகவில்லை, சின்னச் சின்ன முடிவுகள் அவர் கையில் வர வர முடக்கம் விலகும். தவிர, எட்வர்ட் கொண்டோல்ஃபும் எலன் ஃபிஷரும் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் காப்பகங்களுக்கு வந்த 6,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 1988-ல் வெளியிட்டார்கள். வன்முறை கூடக் கூட அந்தப் பெண்கள் உதவி தேடுவதும் கூடியிருந்தது. முயற்சி அவர்களிடம் இருந்தது. போதுமான உதவிதான் வந்து சேரவில்லை. உங்கள் அக்காவும் இரண்டு முறை வெளியே வந்தவர். அந்த இரண்டு முறையும் வெளியே அவருக்கு என்ன கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். தங்க இடம் எத்தனை நாள் கிடைத்தது, கையில் பணம் இருந்ததா, "பையனுக்காகப் பொறுத்துக்கோ" என்று சொன்னவர்கள் யார் யார்?

இந்த நடைமுறைக் காரணங்களை எல்லாம் தீர்த்தாலும் ஓர் இழுப்பு மிச்சம் இருக்கும். அதை டொனால்ட் டட்டனும் சூசன் பெயின்டரும் 1981-லிருந்து விளக்கி வந்தார்கள். இரண்டு நிபந்தனைகள் போதும்: ஒருவர் கையில் அதிகாரம் குவிந்திருக்க வேண்டும், கொடுமையும் அன்பும் எப்போது எது வரும் என்று தெரியாமல் மாறி மாறி வர வேண்டும். எப்போதும் கொடுமை என்றால் மனம் விட்டு விலகிவிடும். எப்போதாவது ஒரு நல்ல நாள் வந்தால், அந்த நல்ல நாளுக்காகவே மனம் காத்துக்கிடக்கும். அடித்தவரே கண்ணீரைத் துடைக்கும்போது, பயத்திலிருந்து விடுபடும் அந்த நிம்மதி அவர்மேல் பாசமாகப் பதிகிறது. இருவரும் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், கொடுமையான உறவிலிருந்து விலகி வந்த 75 பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாதம் கழித்தும் அந்தப் பிணைப்பு கிட்டத்தட்ட கால் பங்குதான் குறைந்திருந்தது. ஆகவே வெளியே வந்த மூன்றாம் வாரம் அக்கா "அவர் ஞாபகமா இருக்கு" என்று அழுதால் அதிர்ச்சியடையாதீர்கள், திட்டாதீர்கள். அந்த அழுகையும் அவர் பட்ட காயத்தின் ஒரு பகுதி.

ஜெனிஃபர் ஃப்ரெய்ட் என்ற உளவியலாளர் சொன்ன ஒன்றும் இங்கே பொருந்தும். நமக்குத் துரோகம் செய்பவரையே நாம் நம்பி வாழ வேண்டியிருந்தால், அந்தத் துரோகத்தைக் காணாமல் இருப்பது மனதுக்குத் தேவையாகிவிடுகிறது. குழந்தைக்கு இது இன்னும் தெளிவாகத் தெரியும். அடிக்கும் அப்பாவை விட்டு அது எங்கே போகும்? வருமானமும் வீடும் பிள்ளையும் ஒருவர் கையில் இருக்கும்போது பெரியவர்களுக்கும் அதே நிலைதான். "மற்றபடி நல்லவர்" என்று அக்கா சொல்வதை அப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. திரும்பிப் போவது சில சமயம் உயிரைக் காத்துக்கொள்ளும் முடிவு. துணையால் கொல்லப்பட்ட பெண்களைப் பற்றி ஜாக்குலின் கேம்ப்பெல் தலைமையில் அமெரிக்க நகரங்களில் நடந்த, 2003-ல் வெளியான ஆய்வில், மிகவும் கட்டுப்படுத்தும் துணையிடமிருந்து பிரியும் காலம் ஆபத்து கூடும் காலமாகத் தெரிந்தது. "போனால் கொன்னுடுவேன்" என்று மிரட்டப்பட்டவர், அது வெறும் பேச்சா நிஜமா என்று நம்மைவிட நன்றாகக் கணிக்கக்கூடியவர். அதனால் "இன்னைக்கே கிளம்பி வா" என்று நெருக்காமல், எப்படிப் பத்திரமாகக் கிளம்புவது என்று அவரோடு சேர்ந்து யோசிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: மாமா எப்போதாவது கழுத்தை நெரித்திருக்கிறாரா? பெண்கள் இதைத் தாங்களாகச் சொல்வது அபூர்வம், "கழுத்தைப் பிடித்தார்" என்று லேசாகக் கடந்துவிடுவார்கள். ஒருமுறை கழுத்தை நெரித்த துணையால் பின்னாளில் கொல்லப்படும் ஆபத்து ஏழு மடங்குக்கும் மேல் கூடுவதாக, கேம்ப்பெல்லும் பங்கேற்று 2008-ல் வந்த ஆய்வு சொல்கிறது. வெளியே தடமே இல்லாமல் உள்ளே ரத்தக்குழாய் பாதிக்கப்பட்டிருக்கலாம். குரல் மாறியிருந்தாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, தலைசுற்றினாலோ மனநலத்துக்கு முன்னால் மருத்துவமனைதான்.

அக்காவின் அறிகுறிகளுக்கு வருகிறேன். தூக்கமின்மை, பதற்றம், கோர்வையில்லாத பேச்சு. "மனசு சரியில்லை" என்று மாமா எல்லோரிடமும் சொல்லத் தொடங்கியிருந்தாலும் ஆச்சரியமில்லை. இந்த அறிகுறிகளை அவர் வாழும் வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். இந்த நிலையில் இருக்கும் ஒரு பெண்ணுக்குப் பூட்டில் சாவி திரும்பும் வேகத்திலேயே அன்றைய மாலை எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். செருப்பைக் கழற்றி வைக்கிறாரா, உதறுகிறாரா என்று கேட்டு, அதற்கேற்பக் குழந்தையை எந்த அறைக்கு அனுப்புவது என்று முடிவெடுத்திருப்பார். வருஷக்கணக்கில் இப்படிக் காவல் காத்த மூளை ராத்திரி பத்து மணிக்கு எப்படித் தூங்கும்? அந்த விழிப்புதான் அவரை இதுவரை காப்பாற்றியிருக்கிறது. ஆபத்து விலகிய பிறகும் அது அணையாமல் எரியும்போதுதான் அது நோய்.

போரிலிருந்து திரும்பிய வீரர்களிடம் பார்த்த இந்த நிலைக்கு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-ல் பிடிஎஸ்டி (மனக்காயத்துக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறு) என்று பெயர் கொடுத்தது. ஆனால் ஒரு விபத்தோ ஒரு குண்டுவெடிப்போ ஒரே நாளில் முடிந்துவிடும். தப்பிக்க முடியாத இடத்தில், தெரிந்தவர் கையாலேயே, வருஷக்கணக்கில் நடப்பது வேறு மாதிரி பாதிக்கிறது என்று மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் வாதாடினார். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022-ல் நடைமுறைக்கு வந்தபோது அதற்குத் தனி இடம் கிடைத்தது. கெட்ட கனவு, தவிர்ப்பு, திடுக்கிடுதல் ஆகியவற்றோடு இன்னும் மூன்று அதில் சேர்கின்றன: உணர்ச்சி ஒன்று பொங்கிவிடும் அல்லது மரத்துவிடும், தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் ஊறிவிடும், யாரோடும் நெருங்க முடியாமல் போகும். வெளியே வந்த ஒரு பெண்ணிடம் "ஜன்னலுக்கு என்ன நிறத் திரை போடலாம்?" என்று கேட்டதற்கு அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு அழுதது எனக்கு மறக்காது. தனக்கு எது பிடிக்கும் என்பதே அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. இப்படி நடப்பதை வெறும் மனச்சோர்வு என்று மாத்திரையோடு முடித்துவிடக் கூடாது.

கோர்வையில்லாத பேச்சுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். உயிர்பயத்தில் நடந்ததை மூளை பல சமயம் வரிசையாகப் பதிவு செய்வதில்லை, துண்டு துண்டாகப் பதிகிறது: ஒரு வாசனை, ஒரு சத்தம், தரையின் குளிர்ச்சி. தேதி மாற்றிச் சொன்னால் பொய் சொல்கிறார் என்று முடிவு செய்துவிடாதீர்கள். "ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை" என்ற கேள்வியும் இப்படித்தான். உடல் உறைந்துபோவது அவர் எடுத்த முடிவில்லை. இரண்டாவது காரணம், தலையில் பட்ட அடி. ஈவ் வலேரா 2003-ல் வெளியிட்ட ஆய்வில், துணையிடம் அடிபட்ட 99 பெண்களில் கிட்டத்தட்ட நாலில் மூன்று பேருக்கு ஒருமுறையாவது அந்த அடியால் மூளைக்காயம் ஏற்பட்டிருந்தது. மறதி, தலைவலி, வெளிச்சம் கூசுவது, கவனம் சிதறுவது எல்லாம் இதனாலும் வரும். மனநல மருத்துவரிடம் போகும்போது தலையில் அடிபட்டதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

பையன் "தூங்கிட்டிருந்தான், அவனுக்கு ஒன்றும் தெரியாது" என்று பெரியவர்கள் நம்புவார்கள். பிள்ளைகளுக்குத் தெரியும். குழந்தைப் பருவத் துன்பங்கள் பிற்கால நோய்களோடு எப்படி ஒட்டியிருக்கின்றன என்று வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் 1998-ல் காட்டிய ஆய்வில், அம்மா அடிபடுவதைப் பார்ப்பதும் ஒரு தனித் துன்பமாகக் கணக்கில் எடுக்கப்பட்டது. அதே சமயம், பயமில்லாமல் பேசக்கூடிய ஒரே ஒரு பெரியவர் நிலையாக இருந்தால் பிள்ளைகளால் நன்றாகவே மீண்டு வர முடியும். அந்தப் பெரியவராக நீங்கள் இருக்கலாம். "அடிப்பது தப்பு, இது உன்னால் நடக்கவில்லை, அம்மாவைக் காப்பாற்றுவது உன் வேலை இல்லை" என்ற மூன்றையும் அவன் காதில் யாராவது போட வேண்டும். தானே காரணம் என்று பிள்ளைகள் மனதுக்குள் முடிவு கட்டிவிடுவார்கள்.

சிகிச்சையில் வரிசை முக்கியம். ஹெர்மன் சொன்ன வரிசையைத்தான் இன்றும் பலர் பின்பற்றுகிறோம்: முதலில் பாதுகாப்பு, அடுத்தது நடந்ததை நினைவுகூர்ந்து துக்கப்படுவது, அப்புறம் வாழ்க்கையோடு மறுபடி சேர்வது. அடி இன்னும் விழுந்துகொண்டிருக்கும்போது "எல்லாத்தையும் கொட்டிடு" என்று யாரும் வற்புறுத்தக் கூடாது. ஆபத்து விலகிய பிறகு, மனக்காயத்துக்கென்றே உருவான அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சைக்கும் கண்ணசைவைப் பயன்படுத்தி வேதனையான நினைவுகளைக் கையாளும் ஈஎம்டிஆர் சிகிச்சைக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. மனச்சோர்வு கடுமையாக இருந்தால் மருத்துவர் மருந்து கொடுக்கலாம், அதில் தயங்க வேண்டியதில்லை. தூக்க மாத்திரையை மட்டும் நம்பி ஓட்டுவது வேண்டாம். இந்தத் துறையில் பழக்கமுள்ள ஆலோசகரைத் தேடுங்கள், அக்கா தனியாகத்தான் போக வேண்டும். "நீங்கள் என்ன செய்து அவரைக் கோபப்படுத்தினீர்கள்?" என்று கேட்கும் ஆலோசகரிடம் இரண்டாவது முறை போக வேண்டாம்.

மாமா மாறுவாரா? சிலர் மாறுகிறார்கள், பெரும்பாலானவர்கள் சீக்கிரம் மாறுவதில்லை. அமெரிக்காவின் டுலூத் நகரில் 1980-களில் உருவான திட்டத்தைப் போல, அடிக்கும் ஆண்களுக்கான குழு வகுப்புகள் பல நாடுகளில் நடக்கின்றன. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் அவற்றின் பலன் சிறியதுதான். அழுவதையும் பரிசு வாங்கி வருவதையும் மாற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "அடித்தேன், ஆனால் அவள்..." என்று இழுக்காமல் "அடித்தேன்" என்று மட்டும் சொல்கிறாரா? அக்கா பிரிந்து இருக்கும்போதும், மன்னிக்க மறுக்கும்போதும், நெருக்காமல் மாதக்கணக்கில் தன் சிகிச்சையைத் தொடர்கிறாரா? "அவளுக்குத்தான் மனநோய், நான்தான் பாதிக்கப்பட்டவன்" என்று கதையைத் திருப்பிப் போடுவது நின்றுவிட்டதா? இவற்றைப் பாருங்கள், காத்திருக்க அக்காவுக்கு மனமிருந்தால் அடிபடாத தூரத்திலிருந்து காத்திருக்கட்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை. தனியாக இருக்கும்போது மட்டும் பேசுங்கள், போனிலோ மெசேஜிலோ விவரமாக எதையும் எழுதாதீர்கள், அவர் போனை மாமா பார்க்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சொல்ல வேண்டியது: "நீ சொல்வதை நம்புகிறேன், இது உன் தப்பு இல்லை." மாமாவைத் திட்டாதீர்கள். திட்டினால் அக்கா அவருக்காக வாதாட வேண்டிய நிலைக்கு வந்துவிடுவார், அடுத்த முறை உங்களிடம் சொல்லவும் மாட்டார். மாமாவிடம் நேரில் போய் நியாயம் கேட்கவும் வேண்டாம், அதற்கான அடி அக்காவுக்குத்தான் விழும். அடையாள அட்டைகள், பையனின் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகல்களும், மருந்துகளும், கொஞ்சம் பணமும், மாற்றுத் துணியும் உங்களிடம் இருக்கட்டும். சாதாரணமாகத் தெரியும் ஒரு சொல்லைப் பேசி வையுங்கள், அது வந்தால் காவல்துறையை அழைப்பதா, நேரில் வருவதா என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். எப்போது போவது, எதை முதலில் எடுப்பது என்பதை அக்காவே தீர்மானிக்கட்டும். வீட்டில் எல்லாமே இன்னொருவர் உத்தரவில் நடக்கிறது, உங்களிடமும் உத்தரவே கிடைத்தால் அவருக்கு எந்த இடமும் இல்லாமல் போகும். மூன்றாம் முறை திரும்பிப் போனாலும் பேச்சை நிறுத்தாதீர்கள். மாமாவுக்கு வேண்டியது அக்கா தனியாக நிற்பதுதான்.

அக்கா சம்மதத்துக்காகக் காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு: கழுத்தை நெரித்திருந்தால், ஆயுதம் காட்டியிருந்தால், கொல்வதாகவோ தன்னையே மாய்த்துக்கொள்வதாகவோ மிரட்டியிருந்தால், கர்ப்பத்தில் அடித்திருந்தால், பையன்மேல் கை வைத்திருந்தால், அடியின் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால். அக்காவே உயிரை விட்டுவிடலாம் என்பது போலப் பேசினால், அதை நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அவரைத் தனியாக விடாமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மற்றவற்றில் எது நடந்திருந்தாலும், உங்கள் ஊரில் குடும்ப வன்முறைக்கென்று இருக்கும் உதவி அமைப்பிடம் இன்றே பேசி, எப்படி வெளியே கொண்டுவருவது என்று அவர்களோடு சேர்ந்து திட்டமிடுங்கள். வெளியே வந்த பிறகு முதல் சில மாதங்கள் அக்காவின் புதிய இடமும், பையன் பள்ளிக்குப் போகும் நேரமும் வழியும் தேவைப்படுபவர்களைத் தவிர வேறு யாருக்கும், சொந்தக்காரர்கள் உட்பட, தெரிய வேண்டாம்.